சுரண்டி எடுத்த சொல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஜப்பான் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முதலில் மரவள்ளிக்கிழங்கு வரும். அடுத்து, பாலத்துக் காவல்காரனுக்குத் தலை குனிய மறந்து வாங்கிய அறை வரும். பிறகு சயாம் ரயில்பாதை வரும். சயாம் வந்ததும் யாராவது ஒருவர் எழுந்து தேநீர் சொல்லப் போய்விடுவார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்த நேரங்களில் நான் அதிகம் வாய் திறப்பதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் காலம் ஓர் ஆங்கிலச் சொல்லைச் சுற்றி நடந்தது. அதைப் பேச்சின் நடுவே கொண்டுவந்தால் வேடிக்கையாகப் போய்விடும் என்று விட்டுவிடுவேன். இப்போது எழுதியே வைக்கிறேன்.

அந்தச் சொல் செடுலஸ். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஏதோ மருந்தின் பெயர் மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். மற்றவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

நாங்கள் அப்போது மலாக்காவில், காஜா பெராங்கில், ஒரு மலாக்கா செட்டிக் குடும்பத்து வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரம்மாவை மலாயில் அத்தை என்று பொருள்படும்படி மக்சிக் என்று கூப்பிடுவோம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், மேலே கெபாயா சட்டை. வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போட்டுச் சாமி கும்பிடுவார். சாமியிடமும் மலாயில்தான் பேசுவார். தமிழில் அவருக்கு உறவுமுறைகளும் சில பலகாரங்களின் பெயர்களும் தெரியும். அம்மாவுக்குக் கடைத்தெரு மலாய் மட்டும் வரும். இந்த அளவு மொழியை வைத்துக்கொண்டு இருவரும் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பேசினார்கள்.

வீட்டில் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அம்மாவின் ஒரே தம்பியான மாமா. எனக்கு ஒன்பது வயது. மாமாவுக்கு இருபத்திரண்டு இருக்கும். டவுனில் ஒரு தமிழ் முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை. ஜப்பான்காரன் வந்த பிறகு கடை இருந்தது, துணி இல்லை. மாமா காலையில் போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வெறும் அலமாரிகளைத் துடைத்துவிட்டு வருவார். சவர பிளேடு எங்கும் கிடைக்காத காலம். அவரிடம் இருந்தது ஒரே பிளேடு. தினமும் காலையில் ஒரு கண்ணாடி கிளாசுக்குள் அதை வைத்து விரலால் அழுத்தி இப்படியும் அப்படியும் தேய்த்துக் கூராக்குவார். அந்தக் கீச்சுச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். ஒரு வருடத்துக்கு மேல் அந்த ஒரு பிளேடை ஓட்டினார்.

அப்பா ஆற்றோரத்தில் ஒரு ரப்பர் கம்பெனியில் பதினோரு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூருக்குக் கிளம்பிய வாரத்தில், கம்பெனி துரை அப்பாவைக் கூப்பிட்டு நின்றவாக்கில் ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கெட்டிக் காகிதம். மேலே கம்பெனியின் முத்திரை புடைப்பாக இருக்கும், விரலால் தடவினால் தெரியும். அன்று மாலை அப்பா அதை எங்களுக்குப் படித்துக் காட்டி, வரிவரியாகத் தமிழிலும் சொன்னார். இவர் நேர்மையானவர். நேரம் தவறாதவர். செடுலஸ் ஆன கிராணி. அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"அப்படின்னா என்னங்க?" என்றார் அம்மா.

"நல்லதாத்தான் இருக்கும். சிரிச்சுக்கிட்டேதான் எழுதினாரு."

"நீங்க கேக்கலையா?"

"பதினோரு வருஷமா இங்கிலீஷ்ல வேலை பாத்துட்டு, அவர்கிட்ட போயி அர்த்தம் கேக்கச் சொல்றியா?"

அகராதி ஆபீசில் இருந்தது. மறுவாரம் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தார். மறுவாரம் ஆபீசே இல்லை. கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

நான் படித்த ஆங்கிலப் பள்ளி மூடப்பட்டது. கையெழுத்துக் கெட்டுப்போகக் கூடாது என்று அப்பா அந்தக் கடிதத்தையே தினமும் ஒரு முறை பார்த்து எழுத வைத்தார். மை தீர்ந்தபோது துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து எழுதினேன். எழுத்து வெளிறி, காய்ந்ததும் கண்ணுக்கே தெரியாது. ஆங்கிலப் புத்தகம் வைத்திருப்பது ஆபத்து என்று பேச்சு வந்ததும் அப்பா என் நோட்டுகளைக் குளியலறைக்குப் பின்னால் போட்டு எரித்தார். கடிதத்தை மட்டும் பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டார்.

ஒரு வருடம் அப்பாவுக்கு வேலையில்லை. ஊருக்கு வெளியே புக்கிட் காதில் என்ற இடத்தில் தெரிந்தவர் நிலத்தில் மாமாவும் அவரும் மரவள்ளி நட்டார்கள். பேனா பிடித்த கையில் மண்வெட்டி கொப்புளம் போட்டது. அதைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. இரண்டாவது வருடம், வேலையில்லாத தமிழ் ஆண்களை சயாமுக்குத் தண்டவாளம் போட அனுப்புகிறார்கள் என்று தோட்டங்களிலிருந்து செய்தி வர ஆரம்பித்தது. டவுனிலும் தெருவில் போகிறவரை நிறுத்தி, என்ன வேலை, எங்கே சீட்டு என்று கேட்டார்கள். சீட்டு இல்லாத ஆண் வெளியே போகவே பயந்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றோரத்து ஜப்பான் அலுவலகம் ஒன்றுக்குக் கிராணிகள் தேவை, பழைய சான்றிதழோடு வரலாம் என்று தெரியவந்தது. அப்பா பிஸ்கட் டின்னைத் திறந்தார். மாமா கடிதத்தை வாங்கிப் படித்தார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவர். கடையில் கிடக்கும் பழைய செய்தித்தாள்களை எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

"மச்சான், இந்தச் சொல்லு எனக்குச் சரியாப் படலை," என்றார். "சண்டைக்கு முந்தி பேப்பர்ல பாத்திருக்கேன். செடிஷன்னு ஒண்ணு. கவர்மெண்டுக்கு எதிராப் பேசினவனை உள்ள போட்டாங்க. இது அந்தக் குடும்பத்துச் சொல்லு மாதிரி இருக்கு."

அப்பா சிரித்தார். "ராஜத்துரோகின்னு எழுதி ஒருத்தன் சர்ட்டிபிகேட் குடுப்பானா?"

"துரை என்ன நெனச்சு எழுதினாருன்னு ஜப்பான்காரன் கேக்கப் போறானா? பாதிச் சொல்லப் பாத்ததும் மீதிய அவனே முடிச்சுக்குவான்."

அப்பா கடிதத்தை மடித்து வைத்தார். மறுநாள் போவதாக இருந்தது. அன்று பிற்பகல் அவர் முடி வெட்டிக்கொள்ளத் தெங்கேரா பக்கம் போயிருந்தார். அம்மா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மாமா வாசற்படியில் நின்றார். நான் உள்ளே, மரவள்ளி மாவு சலிக்கும் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"அந்த ஒரு சொல்லு இல்லாட்டி கடுதாசி கெட்டா போயிடும்?" என்று அம்மா கேட்டார்.

"அது ஒரு சொல்லுதானேக்கா. மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கு."

துருவுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்றது.

"அப்ப எடுத்துடு," என்றார் அம்மா.

மாமா பிளேடை எடுத்துவந்து, கடிதத்தை மேசையில் விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினார். முதல் எழுத்துகள் தூளாக வந்தன. கடைசியில் துரை பேனாவை அழுத்தியிருக்க வேண்டும். அந்த இடத்தில் காகிதம் கிழிந்து அரிசி அளவுக்கு ஓட்டை விழுந்தது. மாமா கரண்டியின் முதுகால் தேய்த்துச் சமன் பண்ணி, இருந்தபடியே மடித்து டின்னில் வைத்தார். அப்பா அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, அவருக்குத்தான் மனப்பாடம்.

மறுநாள் காலை அப்பா கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் ஒரு மலாய் பியூன் சைக்கிளில் வந்து, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றான். மக்சிக் முன்பக்கமிருந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து, "ஜாங்ஙான் தாகுட்," என்றார். பயப்படாதே என்று சொன்ன அவருடைய கையே குளிர்ந்திருந்தது. நான் என் பள்ளிச் சீருடையை மாட்டிக்கொண்டேன். இடுப்பில் ஏறவில்லை. அம்மா பக்கவாட்டில் தையலைப் பிரித்துவிட்டார். மூவரும் வெயிலில் நடந்தோம். பாலத்தில் காவல்காரனுக்கு நன்றாகவே குனிந்தோம்.

அதிகாரி ஒல்லியாக இருந்தார். அவர் கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி உடைந்து நூலால் கட்டப்பட்டிருந்தது. மேசையில் அப்பாவின் கடிதம். அப்பா அந்த அறையில் இல்லை. அடுத்த அறையின் கதவு சாத்தியிருந்தது. அதிகாரி தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசினார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்குவார். கடிதத்தைத் தூக்கி, ஓட்டைக்குப் பின்னால் தன் விரலை வைத்தார். நகம் தெரிந்தது.

"இங்கே ஒரு சொல் இருந்தது," என்றார். "உங்கள் ஆள் அது என்ன என்று எனக்குச் சொல்லிவிட்டான். யார் அழித்தது என்று தெரியாது என்கிறான். நான் நம்பவில்லை. நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம்."

அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. அவர் மாமாவைப் பார்த்தார். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முந்தின நாளிலிருந்து எந்தச் சொல்லை நினைத்துப் பயந்துகொண்டிருந்தாரோ, அதுதான் வாயில் வந்தது.

"செடிஷன்," என்றார்.

அந்தச் சொல் அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. புத்தகம் எதையும் அவர் தேடவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கதவோரம் நின்ற சிப்பாய் நிமிர்ந்தான்.

"இல்லை சார்," என்றேன். என் குரலைக் கேட்டு நானே பயந்தேன். "அது செடுலஸ்."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு பென்சிலையும் தாளையும் நகர்த்தினார். அந்தச் சொல்லை மட்டும் எழுத எனக்கு வரவில்லை. வாய்ப்பாட்டை நடுவிலிருந்து சொல்ல வராதே, அதைப் போல. முதல் வரியிலிருந்து, மேலே இருக்கும் கம்பெனி விலாசத்திலிருந்து, முழுக் கடிதத்தையும் எழுதிக்கொண்டே வந்தேன். எஸ், ஈ, டி, யு, எல், ஓ, யு, எஸ். அதற்குப் பிறகும் நிறுத்தாமல் கையெழுத்து வரை எழுதினேன். யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை.

அதிகாரி கீழ்த்தட்டிலிருந்து ஒரு தடித்த அகராதியை எடுத்தார். செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தது. ஓரங்கள் விரல் பட்டுக் கறுத்திருந்தன. ஆங்கிலப் புத்தகத்துக்குப் பயந்து வீடு வீடாக அடுப்பில் போட்டுக்கொண்டிருந்த ஊரில், அதை அத்தனை பத்திரமாக வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினார். கண்டுபிடித்து, உதடு அசைய ஜப்பான் மொழியில் படித்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பரீட்சைத் தாளில் சரியான விடையைப் பார்த்த வாத்தியாரின் முகம் அப்படித்தான் இருக்கும். போருக்கு முன்னால் அவர் வாத்தியாராகவே இருந்திருக்கலாம்.

"வேலை," என்றார். "எப்போதும் வேலை. நிறுத்தாத வேலை. நல்ல சொல்." பிறகு, "யார் அழித்தது?" என்றார்.

மாமா, "நான்தான். அர்த்தம் தெரியாமல் செய்துவிட்டேன்," என்றார்.

அதிகாரி எழுந்து வந்து அவரை இரண்டு முறை அறைந்தார். கோபமில்லாமல், தாளில் முத்திரை குத்துவதைப் போல. "தெரியாத சொல்லை அழிக்காதே. கேள்," என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேள்வி, என்ன பதில் என்று அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அப்பாவை வெளியே விட்டார்கள். ஒரு காது சிவந்து வீங்கியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை அவர் அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. அரிசி கொஞ்சம் கிடைத்தது. அதிகாரி அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தச் சொல்லையே சொல்லிக் கூப்பிட்டார். அவர் வாயில் அது 'செஜுராசு' என்று வருமாம். அப்பா அப்படியே செய்து காட்டுவார். மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரிப்பார். அம்மா மரவள்ளியில் தேங்காய் போட்டுப் பலகாரம் செய்து மக்சிக்குக்குக் கொடுத்தனுப்பினார். என்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். என் எழுத்தால் அப்பா தப்பித்தார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

நான்காவது மாதம் ஒரு நாள் அப்பா சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். சயாமில் ஆட்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளக் கிராணிகள் வேண்டுமாம். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாமாம்.

"ஏன் உங்களப் போகச் சொல்றான்?" என்றார் அம்மா.

"நல்லா வேலை பாக்கிற ஆளாப் பாத்து அனுப்பணும்னு உத்தரவாம். அந்தச் சொல்லச் சொல்லித்தான் சொன்னான்."

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"நீ அதைத் தொடாம இருந்திருந்தா, அவன் பொஸ்தகத்தத் தொறந்திருக்க மாட்டான்," என்றார்.

மாமா வாயைத் திறந்தார். அக்கா, நீதானே சொன்னாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மாமா வாயை மூடிக்கொண்டார். அடுத்த நாள் அதிகாரியிடம் போய், மச்சானுக்குப் பதில் என்னை அனுப்புங்கள் என்று கேட்டார். கிராணி வேலை தெரியாதவன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்பா தம்பின் ரயில் நிலையம் வரை லாரியில் போனார். மலாக்காவிலிருந்து தம்பினுக்கு ஓடிய ரயிலின் தண்டவாளத்தையே அப்போது பெயர்த்துவிட்டார்கள். அதையும் சயாமுக்குத்தான் கொண்டுபோனார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். லாரியில் ஏறும்போது மக்சிக் ஒரு மஞ்சள் துணியில் திருநீறு முடிந்து கொடுத்தார். அப்பா அதைச் சட்டைப்பையில், பேனா இருந்த இடத்தில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அம்மா மாமாவுடன் பேசவில்லை. சண்டை கிடையாது, ஏச்சு கிடையாது. மாமா இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார். "மாமாவச் சாப்பிட வரச் சொல்லு," என்று அம்மா என்னிடம் சொல்வார். நான் திரும்பி அதையே மாமாவிடம் சொல்வேன். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு," என்பார் மாமா. தினமும் புக்கிட் காதிலுக்கு நடந்து போய்க் கிழங்கு பிடுங்கி, தோளில் சுமந்து வருவார். விறகு வெட்டிப் போடுவார். மழையில் ஒழுகிய பின்கூரைக்கு அத்தாப்பு ஓலை மாற்றினார். அவர் கொண்டுவந்ததைத்தான் நாங்கள் சாப்பிட்டோம். அவர் தட்டில் அம்மா எப்போதும் ஒரு பங்கு கூடவே வைப்பார். பேச்சு மட்டும் இல்லை. மூன்று மாதம் ஆறாகி, எட்டானது. அப்பாவிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

மக்சிக்குக்கு விஷயம் தெரியாது. ஒரு முறை அம்மாவிடம், உன் தம்பி நல்ல பிள்ளை, ஏன் அவனுக்கு இன்னும் பெண் பார்க்கவில்லை என்று கேட்டார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். புகை கண்ணில் பட்டது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

எட்டாவது மாதக் கடைசியில் ஒரு காலை மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். நன்றாகச் சவரம் செய்திருந்தார். கையில் ஒரு துணி மூட்டை.

"பாப்பா, நான் உங்கப்பாவப் பாத்துட்டு வரேன்."

"சயாமுக்கா? விடுவாங்களா மாமா?"

"ஆள் எடுக்கறாங்க. கூலியாப் போனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"எவ்வளவு தூரம்?"

"தம்பின் வரைக்கும் லாரி. அப்புறம் ரயில். அது எங்க நிக்குதோ அதுதான் சயாம்." சிரித்தார். "சாயங்காலம் அம்மாகிட்ட சொல்லு. அதுக்கு முன்ன சொல்லாத. அழைச்சுட்டு வரேன்னு சொல்லு."

நான் அவர் சொன்னபடியே செய்தேன். அன்று முழுவதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அம்மா கூப்பிட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். விளக்கேற்றும் நேரத்தில் சொன்னேன். அம்மா விளக்கைக் கீழே வைத்தார்.

"சாப்பிட்டுட்டுப் போனானா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அம்மா தெருவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஜப்பான்காரன் போன பிறகு, வெள்ளைக்காரன் திரும்பி வந்து சில மாதம் கழித்து, அப்பா வந்தார். சந்து முனையில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மக்சிக்தான் முதலில் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே சதை அரித்து எலும்பு வரை குழி விழுந்திருந்தது. அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை.

"தம்பியப் பாத்தீங்களா?"

அப்பா சொம்பை இறக்கினார். "அவன் எதுக்கு அங்க வரான்?" என்றார்.

அம்மா எல்லாவற்றையும் சொன்னார். சொல்லைச் சுரண்டியது, அதனால் அதிகாரி அகராதியைப் பார்த்தது, அதனால் அப்பாவைத் தேர்ந்தெடுத்தது, அதனால் தான் தம்பியோடு பேசாமல் இருந்தது. சுரண்டச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அப்பா முடியும் வரை கேட்டார்.

"எங்க லாரியில பதினேழு கிராணி," என்றார். "பாதிப் பேர்கிட்ட சர்ட்டிபிகேட்டே கிடையாது. நல்லா வேலை பாக்கிறவனத்தான் அனுப்பறோம்னு பதினேழு பேர்கிட்டயும் சொல்லியிருக்கான். நாங்க ரயில்ல போறப்ப அதைப் பேசித்தான் சிரிச்சுக்கிட்டோம். அந்தச் சொல்லு இருந்தாலும் இல்லாட்டியும் நான் போயிருப்பேன்."

அம்மா எழுந்து பின்பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை.

அப்பா கால் ஆறியதும் தோட்டம் தோட்டமாகப் போய், திரும்பி வந்தவர்களிடம் விசாரித்தார். அங்கே கிராணியாக இருந்ததால் அவருக்கு முகாம்களின் பெயர்கள் தெரியும். எந்தக் கூட்டத்தில் எந்த மாதம் போனவர்கள் எங்கே இறக்கப்பட்டார்கள் என்பதுகூடத் தெரியும். மாமாவோடு லாரியில் போன ஒருவரைக் கண்டுபிடித்தார். எல்லை தாண்டும் வரை ஒரே பெட்டியில் இருந்தோம், பிறகு பிரித்துவிட்டார்கள், எங்கேயோ ஒரு கிராணியைப் பற்றி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வந்தான் என்று அவர் சொன்னார். அதற்கு மேல் எதுவும் இல்லை.

பிற்காலத்தில் நான் ஒரு பள்ளியில் நூலகப் பொறுப்பில் இருந்தேன். பெரிய அகராதி ஒன்று புதிதாக வந்தது. சொற்களின் பிறப்பெல்லாம் போட்டிருக்கும். யாரும் இல்லாத நேரத்தில் அந்தச் சொல்லை எடுத்துப் பார்த்தேன். விடாமல், கண்ணும் கருத்துமாக வேலை செய்கிற என்று பொருள். அதிகாரி சரியாகத்தான் சொல்லியிருந்தார். லத்தீனில் 'செ' என்றால் இல்லாமல், 'டோலோ' என்றால் வஞ்சம். வஞ்சமில்லாமல் என்று ஆரம்பித்து, உண்மையாக என்றாகி, உண்மையாக வேலை செய்கிற என்று வந்து நின்றிருக்கிறது. 'உட்கார்' என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சிலர் தவறாக நினைத்தார்களாம். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காத கிராணி என்று. இரண்டு பத்தி தள்ளி செடிஷன் இருந்தது. அதையும் பார்த்தேன். அதிலும் முன்னால் இருப்பது அதே 'செ'தான். இல்லாமல் என்றும் பொருள், தனியே என்றும் பொருள். பிரிந்து போவது என்பதுதான் அந்தச் சொல்லின் பிறப்பு. ஆக, ஒரே குடும்பத்துச் சொல் என்று மாமா சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அது குறைவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "துரைகிட்டயே கேட்டிருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை," என்றார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சமையலறையில் அன்று நான் கேட்டதையும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு மாமா மேல் கோபம் என்றுதான் சிறுமியாக இருந்தபோது நினைத்தேன். தன்னைப் பார்த்துப் பேச முடியாதவர், தம்பியைப் பார்த்துப் பேசாமல் இருந்தார் என்பது எனக்கு ஐம்பது வயது தாண்டித்தான் புரிந்தது.

அப்பா காலமாகிப் பல வருடம் கழித்து, அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுப்பதற்காக மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். படிவம் நிரப்பிய தாதி சின்னப் பெண், தமிழ்ப் பெண். சர்க்கரை வியாதி குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டாள். தன் அப்பா அம்மாவுக்கு இல்லை என்றார் அம்மா.

"கூடப் பொறந்தவங்க, பாட்டி?"

"ஒரு தம்பி."

"அவருக்கு இருக்கா?"

"இல்ல. நல்ல ஆரோக்கியமான ஆளு."

"இப்ப எங்க இருக்காரு?"

"சயாமுக்குப் போயிருக்கான்," என்றார் அம்மா.

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, சகோதரர் ஒருவர், நோய் இல்லை என்று எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.